மெரினாவில் ஓர் அமைதியான விடியல் நடை: பருவம், பாதை, பழக்கம்

மெரினா என்றவுடன் நம் மனத்தில் எழுவது மாலை நேரத்து மெரினாதான். சுண்டல், பஜ்ஜி, பலூன் சுடும் பலகை, குதிரை, நாலாபுறமும் பிள்ளைகளின் கூச்சல் என்று அது நிறைந்து வழியும். அதே கடற்கரை ஆண்டில் சில வாரங்கள், நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நகரத்துக்கு நடுவே இருப்பதே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கும். அந்த வாரங்களையும் அந்த நேரத்தையும் அறிந்து செல்பவருக்குச் சென்னையில் இதைவிட நல்ல நடை வேறு எங்கும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். மெரினாவில் அமைதி வேண்டுமானால், கடிகாரத்தையும் விடுமுறைப் பட்டியலையும் பார்ப்பதற்கு முன் கடலின் நேரத்தைப் பார்க்க வேண்டும். காற்று எப்போது திரும்புகிறது, நீர் எப்போது இறங்குகிறது, படகு எப்போது கரையேறுகிறது என்பவற்றை ஒட்டியே இந்த நடையைத் திட்டமிட வேண்டும்.

எந்த வாரங்கள்

காணும் பொங்கலன்று மெரினாவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டம் கலைந்தபின், தை மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கிப் பங்குனி நடுப்பகுதி வரை கடற்கரை மெல்ல அடங்குகிறது. பள்ளிகளில் தேர்வுக் காலம் என்பதால் குடும்பங்கள் வீட்டோடு இருக்கும். கோடை விடுமுறைக் கூட்டம் சித்திரையில்தான் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையின் கொந்தளிப்பு ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் எழாத இடைவேளை இது. ஆண்டிலேயே சோழமண்டலக் கடல் அதிகம் அடங்கியிருக்கும் மாதங்களுள் மாசியும் பங்குனியும் அடங்கும்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் கூட்டம் குறைவுதான் என்றாலும் அப்போது செல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பருவமழைக் கால அலைகள் கரையை அரித்து, நீர்விளிம்பில் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தான மணல்படியை வெட்டி விடுவதுண்டு. அதன்மேல் நடந்தால் விளிம்பு சரிந்துவிடும். தவிர, கூவமும் அடையாறும் மழைநீரோடு நகரத்தின் கழிவுகளையெல்லாம் கடலுக்குக் கொண்டுவருவது அந்த நாட்களில்தான். தை முடியும்போது அலைகள் சிறுத்து, அரிக்கப்பட்ட மணல் சிறிது சிறிதாகத் திரும்பிவந்து படிய, கரை சமன்படத் தொடங்கும்.

இந்த அமைதியான வாரங்களுக்கு உள்ளேயும் சில நாட்களைத் தவிர்க்க வேண்டும். தை அமாவாசையன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய விடியும் முன்பே மக்கள் திரள்வார்கள். மாசி மகத்தன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதிப் பெருமாள் உள்ளிட்ட தெய்வங்கள் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளுவார்கள். அது கண்ணாரக் காண வேண்டிய காட்சி. அதற்காகவே ஒருநாள் செல்லலாம், ஆனால் தனிமையை நாடிச் செல்பவர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது. தையின் முற்பகுதியிலேயே செல்ல நினைத்தால், குடியரசு நாளுக்கு முந்தைய சில காலைகளில் காமராசர் சாலையில் அணிவகுப்பு ஒத்திகை நடப்பதால் போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களே மிகவும் அடங்கியவை.

எந்த நேரம்

பிப்ரவரி நடுவில் சென்னையில் கதிரவன் ஏறத்தாழ 6.30 மணிக்கு உதிக்கிறது. மார்ச் நடுவில் அது 6.15-க்கு முன்னேறிவிடும். கீழ்வானம் வெளுக்கத் தொடங்குவது உதயத்துக்குச் சுமார் இருபத்தைந்து நிமிடம் முன்பு. ஆகவே உதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன் மணலில் கால் வைப்பதாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னதாக, கும்மிருட்டில், நீர்விளிம்புக்குத் தனியே செல்ல வேண்டாம்.

இந்த நேரத்தைச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. இரவு முழுவதும் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அது எதிரே வரும் அலையின் முகட்டைத் தடவிச் சமன்படுத்துவதால் நீர் பளபளவென்று வழவழப்பாகத் தெரியும். நிலம் சூடேறி, காற்று திசை மாறிக் கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்குவது நண்பகலை ஒட்டித்தான். சென்னைக்காரர்கள் மாலையில் கடற்கரைக்குப் போவது அந்தக் காற்றை வாங்குவதற்காக. அமைதியை நாடுபவருக்கு உரியது அதற்கு எதிரான காற்று. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சென்னையில் அந்த அளவுக்குக் குளிர் இல்லை என்றாலும், வயதானவர்கள் காதை மூடும்படி ஒரு துண்டோ மப்ளரோ எடுத்துச் செல்வது நல்லது.

அடுத்தது ஓதம். சென்னைக் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் கரை முழுவதும் மூழ்கிப்போகும் அச்சமில்லை. ஆயினும் நடக்கும் சுகம் இதைப் பொறுத்தது. நீர் இறங்கியிருக்கும் வேளையில் ஈரம் இறுகிய மணல் அகலமான பட்டையாக வெளிப்பட்டிருக்கும். அதில் நடந்தால் கால் புதையாது. நீர் ஏறியிருக்கும் வேளையில் அந்தப் பட்டை மறைந்து, உதிரி மணலில் கால் இழுத்து நடக்க நேரிடும். அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கும். கைபேசியில் ஓத அட்டவணையைப் பார்த்து, விடியலை ஒட்டி நீர் இறங்கும் நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டால் அந்த மாதத்துக்கு உரிய நல்ல நாட்கள் கிடைத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எந்தப் பாதை

கலங்கரை விளக்கத்தில் தொடங்கி வடக்கே உழைப்பாளர் சிலை வரை நீர்விளிம்பில் நடந்து, திரும்பும்போது நடைபாதை வழியாக வருவதே நான் சொல்லும் பாதை. ஒரு பக்கத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை இருக்கும். நின்று நிதானித்து நடந்தால் போவதற்கு ஒரு மணி நேரம், வருவதற்கு முக்கால் மணி நேரம் போதும். பறக்கும் ரயிலில் வருபவர்கள் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடக்க வேண்டியிருக்கும். கலங்கரை விளக்கத்தை ஒட்டி மெட்ரோ ரயில் பணிகள் நடைபெற்று வருவதால் தடுப்புகளைச் சுற்றி வர ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே செல்லும்போது கடல் வலக்கைப் பக்கம் இருக்கும். கதிரவன் எழும்போது அது நேர் எதிரே வந்து கண்ணைக் கூசச் செய்யாமல் பக்கவாட்டில் நிற்கும். நகரத்தின் பழைய கட்டடங்கள் இடப்பக்கம் அந்த ஒளியை வாங்கிச் சிவக்கும். மாநிலக் கல்லூரியின் செங்கல் முகப்பைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல நேரமில்லை. நேப்பியர் பாலம் வரை நடந்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். கூவம் கடலில் கலக்கும் இடத்தை நெருங்க நெருங்க நாற்றம் மிகும். உழைப்பாளர் சிலைக்கு நேராகத் திரும்பிவிடுவது நல்லது.

சாலையிலிருந்து நீர்விளிம்பு வரை சுமார் 300 மீட்டர் மணலைக் கடக்க வேண்டும். இந்த அகலமான மணல்வெளி இயற்கையாகத் தொன்றுதொட்டு இருந்ததன்று என்பது பலருக்கும் தெரியாது. நம் கடற்கரையில் அலைகள் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகவே மணலை நகர்த்துகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அந்த மணல் மேலே செல்ல வழியின்றித் தென்புறத்தில் குவியத் தொடங்கியது. அதற்கு முன் கடல் இன்றைய சாலைக்கு மிக அருகில் இருந்தது. தென்புறத்தில் மணல் குவிந்ததன் விலையை வடபுறத்தில் இராயபுரமும் திருவொற்றியூரும் கடலரிப்பாகச் செலுத்திவருகின்றன. இந்தக் கரையை நடைக்கான இடமாக்கி, 1884-இல் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டவர் அன்றைய ஆளுநர் கிராண்ட் டஃப். காலடியில் கிடக்கும் மணல் தெற்கே பல ஊர்களின் கரைகளைத் தொட்டு வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த 300 மீட்டரைக் கடந்தால் அதுவும் நடையின் ஒரு பகுதியாகிவிடும்.

முதியவர்களையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் உதிரி மணலில் அழைத்துச் செல்வது இயலாத செயலாகவே நெடுங்காலம் இருந்தது. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பலகைப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சீரமைத்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை இந்தப் பாதை வழியாகக் கடலருகே அழைத்துவந்து அமரவைத்துவிட்டு, நீங்கள் அங்கிருந்து இருபுறமும் சிறிது தொலைவு நடந்து திரும்பலாம்.

எப்படி நடப்பது

கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் நீர்விளிம்பில் நெடுநேரம் ஒரே திசையில் நடந்தால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். இடுப்பும் முழங்காலும் அதை விரைவில் உணர்த்தும். அதனால்தான் திரும்பும் வழிக்குச் சமதளமான நடைபாதையைச் சொன்னேன். முழங்கால் வலி உள்ளவர்கள் நீர்விளிம்பில் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்காமல், சற்று மேலே, ஈரமும் காய்ந்த மணலும் சந்திக்கும் கோட்டை ஒட்டி நடக்கலாம்.

செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டால், ஈரமணலில் கழற்றலாம் என்பேன். சாலைக்கும் நீருக்கும் இடைப்பட்ட உதிரி மணலில் கண்ணாடிச் சில்லும் பஜ்ஜிக் கடையின் குச்சியும் தூண்டில் முள்ளும் புதைந்து கிடக்கும்; அங்கே கட்டாயம் செருப்பு வேண்டும். காதில் இசைக்கருவியை மாட்டிக்கொண்டு வருவது கடற்கரைக்கு வந்ததையே வீணாக்கும் செயல். நாய்கள் கூட்டமாக இருந்தால் ஓடாமல், அவற்றை உற்றுப் பார்க்காமல், நீர்ப்பக்கமாக ஒதுங்கி ஒரே சீராக நடந்து சென்றால் பெரும்பாலும் அவை பொருட்படுத்துவதில்லை.

இந்த நடையின் சுவை நின்று பார்ப்பதில் இருக்கிறது. ஈரமணலில் காலை அழுத்தி ஊன்றிப் பாருங்கள்: காலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மணல் திடீரென்று வெளுத்து, காய்ந்ததுபோல் தோன்றும். அழுத்தம் பட்டவுடன் மணற்பருக்கைகள் ஒன்றையொன்று தள்ளி விலகுவதால் இடைவெளிகள் பெரிதாகி, மேலே இருந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. காலை எடுத்தால் ஈரம் திரும்பிவிடும். ஆங்காங்கே மணலில் மைக்கோடு இழுத்ததுபோல் கருமையான வரிகள் தெரியும். அலை இலகுவான மணலை அரித்துச் சென்றபின் எஞ்சிய கனமான தாதுமணல் அது. ஓர் அலை ஏறித் திரும்பும் கணத்தில், வழிந்தோடும் மெல்லிய நீர்ப்படலத்தில் சிறு அம்புமுனை வடிவில் சுழிகள் தென்படும். மணலுக்குள் பின்புறமாகப் புதைந்து, கடலை நோக்கி முகம் வைத்துக் காத்திருக்கும் சிறு மணல்நண்டுகள், திரும்பும் நீரில் வரும் உணவைத் தம் உணர்கொம்புகளால் வடிகட்டும் அடையாளம் அது. அந்த இடத்தில் கைப்பிடி மணலை அள்ளினால் கட்டைவிரல் நுனி அளவே உள்ள வழவழப்பான உயிர் உள்ளங்கையைக் குறுகுறுவென்று துளைக்கும். உடனே விட்டுவிடுங்கள், அடுத்த அலைக்குள் புதைந்துவிடும்.

சற்று மேலே, தம் வளையின் வாயிலில் காம்புக்கண்களை உயர்த்தி நிற்கும் பேய்நண்டுகளைக் காண வேண்டுமானால் அசையாமல் நிற்க வேண்டும். காலடி அதிர்வு பட்டவுடன் மறைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் முதலில் ஒரு கால், பிறகு கண்கள், பிறகு ஒரு பிடி மணலோடு முழு உடலும் வெளிவரும். அந்த மணலை விசிறிவிட்டு மீண்டும் உள்ளே போகும். பிப்ரவரி வரை வலசைவந்த கடற்காக்கைகளும் ஆலாக்களும் நீர்மேல் திரியும். உப்புக்கொத்திகள் ஈரமணலில் சிறு ஓட்டம் ஓடி நின்று, மறுபடி ஓடும். அவற்றைத் துரத்தி எழுப்பிப் படம் எடுக்காதீர்கள். நெடுந்தொலைவு திரும்பிப் பறப்பதற்காக உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் இது.

மீனவர் இடத்தில் நடக்கும்போது

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே நொச்சிக்குப்பம், வடக்கே நடுக்குப்பம், அயோத்திகுப்பம் என்று மெரினாவை ஒட்டி மீனவர் குடியிருப்புகள் உள்ளன. துறைமுகம் வருவதற்கு முன்பிருந்தே மீனவர்கள் இந்தக் கரையில் தொழில் செய்துவருகிறார்கள். நாம் காற்று வாங்க வரும் மணல் அவர்களுக்குப் பட்டறை. படகு நிறுத்துவதும் வலை உலர்த்துவதும் மீனைப் பிரிப்பதும் அங்கேதான். இரவில் கடலுக்குச் சென்ற ஃபைபர் படகுகள் திரும்புவது பெரும்பாலும் நீங்கள் நடக்கும் அந்த விடியல் வேளையில்தான். படகைக் கரையேற்றும்போது குறுக்கே போகாதீர்கள். இழுக்கும் கயிறு திடீரென்று விறைக்கும். விரித்த வலையை மிதிக்காமல் சுற்றிச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் “அண்ணா, இப்படிப் போகலாமா?” என்று ஒரு சொல் கேட்டால் போதும், பாதையைக் காட்டுவதோடு அன்று கடல் எப்படி இருக்கிறது என்றும் சொல்வார்கள். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு முன் அனுமதி கேட்பது நம் கடமை. வலையிலிருந்து நெத்திலியையும் கவலை மீனையும் உதறி எடுக்கும் பெண்களிடம் அங்கேயே மீன் வாங்க எண்ணினால் ஒரு துணிப்பையும் சில்லறையும் கொண்டுசெல்லுங்கள்.

கடலில் இறங்குவது

இறங்கக் கூடாது. மெரினாவில் குளிப்பதற்குத் தடை உள்ளது. அதற்கு உரிய காரணமும் உள்ளது. கரையின் சரிவு சில எட்டுகளிலேயே ஆழமாகிறது. திரும்பும் நீர் காலடி மணலை அரித்துக்கொண்டே ஆளை இழுக்கும். கடல் அடங்கியிருக்கும் மாசியிலும் இந்த இழுவை மறைவதில்லை. கணுக்கால் நனையும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கரையில் ஒதுங்கிய சொறிமீனை (ஜெல்லி மீனை) தொடாதீர்கள். செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் எரிச்சலூட்டும்.

திரும்பும் வழி

உழைப்பாளர் சிலையை அடையும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையை அருகில் சென்று பார்க்க வேண்டும். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் முதுகுத் தசைகளிலும் விரல்களிலும் காலைச் சாய்வொளி விழும்போது தெரியும் முறுக்கம் நண்பகலில் தெரியாது. அங்கிருந்து தெற்கே நடைபாதையில் வரும்போது 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட சிலைகள் வரிசையாக வரும். கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. சாலைக்கு அப்பால் வளைந்த முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில், அதாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பருவத்தில், அங்கே தங்கினார். நடைபாதையில் அருகம்புல் சாறும் சூப்பும் விற்பார்கள். எனக்கு இளநீரே போதும். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதன்பின் மணலின் வெப்பமும் சாலையின் இரைச்சலும் ஒருசேர ஏறும்.

மெரினா பெரிதாகத் தோன்றினால் பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை இருக்கிறது. 1930-இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றச் சென்று உயிர்நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் வெண்ணிற நினைவு வளைவிலிருந்து தெற்கே அஷ்டலட்சுமி கோயில் வரை சென்று திரும்பலாம். வடக்கே அடையாறு முகத்துவாரத்தில் உள்ள உடைந்த பாலத்தின் பக்கம் விடிந்தபின், துணையோடு மட்டுமே செல்ல வேண்டும்.

பங்குனி ஆமைகளின் காலம்

இதே வாரங்கள்தான் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் வரும் இந்த ஆமைகளுக்குப் பங்குனி ஆமை என்றே பெயர். ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்குப் பின் குஞ்சுகள் வெளிவரும். விடியலில் நடக்கும்போது கடலிலிருந்து மேலேறி மீண்டும் கடலுக்கே திரும்பும், இருபுறமும் துடுப்பு பதிந்த அகலமான தடத்தைக் கண்டால் அதைக் கலைக்காமலும், அது முடியும் இடத்தில் கிளறாமலும் வனத்துறைக்கோ ஆமைத் தன்னார்வலர்களுக்கோ தெரிவியுங்கள். இறந்து ஒதுங்கிய ஆமைகளையும் காண நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் அவை ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுவிட மேலே வர இயலாமல் மடிவதே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. அவற்றையும் தொடாமல், இடத்தைக் குறித்துத் தெரிவிப்பதே சரி.

ஆமை கரையேறுவதைக் காண விரும்புவோர், 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நடத்திவரும் ஆமை நடையில் சேரலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரை நள்ளிரவுக்குப்பின் நடப்பார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்வதுண்டு. அடர்நிற உடை அணிந்து, தண்ணீர் எடுத்துக்கொண்டு, பகலில் சிறிது தூங்கிவிட்டுச் செல்லுங்கள். கைவிளக்கையும் கைபேசி வெளிச்சத்தையும் அறவே பயன்படுத்தக் கூடாது. தாய் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி ஊர்ந்துவிடும்.